பக்ஸ் பன்னிக்கு ஏன் ஆறு கண்?

2020இல் புதிதாக வந்த லூனி ட்யூன்ஸ் கார்ட்டூன் தொடரை மகன் பார்த்துக்கொண்டிருந்தபோது நடுவில் படத்தை நிறுத்தினாராம் ஒரு வாசகர். அதில் வரும் பக்ஸ் பன்னி என்ற முயலுக்கு ஆறு கண், பிசைந்த மாவு மாதிரி முகம். "வரைந்தவர்கள் கவனிக்கவில்லையா?" என்று கேட்டிருக்கிறார். கவனித்துத்தான் வரைந்திருக்கிறார்கள். அந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்தவை அந்தக் கோணல் படங்கள்தான்.

சினிமாவில் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். கார்ட்டூனில் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்துவார்கள். விழித்திரையில் பிம்பம் கொஞ்ச நேரம் தங்குவதால் இவை அசைவாகத் தெரிகின்றன என்று பள்ளியில் படித்திருப்போம். அது போதாது. பிம்பங்கள் ஒன்றின்மேல் ஒன்று தங்கினால் குழப்பம்தான் தெரியும். 1912இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் இரண்டு கோடுகளை மாற்றி மாற்றிக் காட்டினார். இடைவெளி சுமார் 60 மில்லிநொடியாக இருந்தபோது, ஒரே கோடு நகர்வதாகப் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. நகர்த்தியது மூளை. (இரண்டு கோடு மினுக்குவதற்கு இன்று யாராவது ஆராய்ச்சி நிதி கேட்டால், "இதனால் என்ன பயன்?" என்று கேட்டே அனுப்பிவிடுவார்கள்.)

ஆனால் அடுத்த ஓவியத்தில் உருவம் ரொம்பத் தள்ளிப் போய்விட்டால், "இது வேறு ஆள்" என்று மூளை முடிவுகட்டிவிடும். அசைவு அறுந்துபோகும். கேமராவில் இந்தத் தொல்லை குறைவு. ஷட்டர் வழக்கமாக 1/48 நொடி திறந்திருப்பதால், வீசும் கை இழுபட்ட கறையாகவே பதிவாகும். அந்தக் கறையே மூளைக்குத் திசை காட்டிவிடும். பென்சிலுக்கு ஷட்டர் ஏது?

ஆகவே கறையைக் கையாலேயே வரைகிறார்கள். இதற்கு ஸ்மியர் என்று பெயர். பக்ஸ் பன்னி இடமிருந்து வலமாகச் சட்டெனத் திரும்ப வேண்டும். முதல் ஓவியத்தில் முகம் இடப்பக்கம், கடைசியில் வலப்பக்கம். நடுவே ஒன்றே ஒன்று: கிளம்பிய இடத்தில் ஒரு ஜோடி கண், சேர்ந்த இடத்தில் ஒரு ஜோடி, வழியில் இன்னொன்று, மூக்கு அகலமாக இழுபட்டு. திரையில் அது இருப்பது ஒரே பிரேம், சுமார் 42 மில்லிநொடி. கண்களை எண்ண யாருக்கு நேரம்? "இங்கிருந்து அங்கே" என்பது மட்டும் பதியும். சக் ஜோன்ஸ் இயக்கிய 'தி டோவர் பாய்ஸ்' 1942லேயே இதை அட்டகாசமாகக் காட்டியது.

இந்த வேகம் எடுபட, முன்னும் பின்னும் அசையாத நொடிகள் வேண்டும். ரோட் ரன்னர் பறவையைத் துரத்தும் ஓநாய் மாதிரியான கயோட்டி மலையுச்சியிலிருந்து விழுவதற்கு ஜோன்ஸ் கணக்கே வைத்திருந்தார்: 18 பிரேமில் புள்ளியாகி மறைய வேண்டும், அப்புறம் 14 பிரேம் கழித்துத் தரையில் மோத வேண்டும். சிரிப்பு அந்த 14இல் இருக்கிறது.

பழைய கார்ட்டூன் பாத்திரங்களை மீட்கும் பல முயற்சிகள் சப்பென்று போவது இங்கேதான். கை, கால், தலை எனத் துண்டுகளாக உருவத்தைக் கணினியில் ஏற்றிவிட்டு, இடைப்பட்ட நிலைகளை மென்பொருளிடம் விட்டால் அது சராசரி போடும். சராசரியில் ஆறு கண் வராது. பீட்டர் பிரவுன்கார்ட் குழுவின் 2020 தொடர் 1940களின் பாணிக்கே திரும்பிப் போனது. பக்ஸ் பன்னியைத் துரத்தும் வேட்டைக்காரர் எல்மர் ஃபட்டின் துப்பாக்கியைப் பிடுங்கியதுதான் அப்போது பெரிய சர்ச்சை. டைனமைட் பத்திரமாக இருந்தது. என்னைக் கேட்டால், வெடிக்குமுன் எத்தனை பிரேம் காத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

நீங்களே பார்க்கலாம். கணினியில் யூடியூப் காணொளியை நிறுத்திவிட்டு, கமா, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் பிரேம் பிரேமாக நகரும். யாராவது தலையைத் திருப்பும் இடமாகப் பார்த்துத் தொடங்குங்கள்.