சொல் விளக்கம்: விரக்தி

தேர்தல் முடிந்த கையோடு, இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியைப் பற்றி வரும் செய்திகளில் ஒரு சொல் தவறாமல் இருக்கும்: விரக்தி. வாக்களிப்பு வீதம் குறைந்தால் மக்கள் விரக்தி. புதிய கட்சி வென்றால் மக்கள் விரக்தி. கூட்டத்துக்கு ஆள் வராவிட்டாலும் அதுவே. அடுத்த பந்தியில் 'அரசியலில் அக்கறையின்மை' என்று எழுதியிருப்பார்கள், இரண்டும் ஒரே பொருள் தருவன போல. இரண்டுக்கும் பொருள் வேறு. ஒரு நிலத்தின் சனத்தைப் பற்றிப் பேசும்போது இவற்றை மாற்றிப் போடுவது அந்தச் சனத்தையே பிழையாகச் சொல்வதாகிவிடும்.

விரக்தி வடசொல். 'ரஞ்ஜ்' என்பது அதன் வேர். சாயம் ஏறுதல், சிவத்தல் என்பன அந்த வேரின் முதற்பொருள்கள். நிறம் ஒட்டுவதிலிருந்து மனம் ஒட்டுவதும் மகிழ்வதும் பிறந்தன. ராகம், அனுராகம், மனோரஞ்சிதம் எல்லாம் அந்த வழியில் வந்தவை. அரசன் குடிகளை மகிழ்விப்பதால்தான் அவனுக்கு ராஜா என்று பெயர் என வடமொழிப் புலவர்கள் இதே வேரைக் காட்டுவார்கள். மொழியியலார் அதை ஏற்பதில்லை, ராஜா வேறு வேரிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் ஆட்சி எதற்காக என்பதைப் பற்றி அந்தப் புலவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது அந்த விளக்கத்தில் தெரிகிறது.

வேருக்கு முன்னால் பிரிவைக் குறிக்கும் 'வி' சேரும்போது ஒட்டியது கழல்கிறது. விரக்தியடைந்த மனம் சாயம் போன சேலையைப் போன்றது. அது என்றைக்குமே வெள்ளையாக இருந்த துணி அல்ல, ஒருகாலம் நிறம் பிடித்திருந்த துணி. இந்தச் சொல்லில் கவனிக்க வேண்டியது அதுதான். முன்பு பற்று இருந்திராத இடத்தில் விரக்தி உண்டாக வழியில்லை.

சமய நூல்களில் இது உயர்ந்த சொல். பழைய தமிழில் விரத்தி, விரத்தர் என்ற வடிவங்களில் வரும். உலகப் பற்றை விட்டவர் விரத்தர். இந்தப் பொருளுக்குத் தமிழ்ச்சொல் தேடி அலையத் தேவையில்லை. பற்றின்மை, பற்றறுதி, துறவு எல்லாம் உண்டு. பற்று விடுவதற்காகவே பற்றற்றவனின் பற்றைப் பற்றிக்கொள் என்று துறவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் சொல்லி முடிக்கிறார். இன்னொன்றும் உண்டு: வைராக்கியம் என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததே. விராகம் என்றால் பற்று நீங்கிய நிலை, வைராக்கியம் அதன் தன்மை. துறவியின் உறுதியைச் சொல்லிச் சொல்லி, நம் பேச்சில் அது எதற்கும் விட்டுக்கொடாத பிடிவாதம் என்றாகிவிட்டது. ஒரே வேரின் ஒரு கிளை மனம் தளர்ந்தவரைச் சொல்ல, மறுகிளை தளர மறுப்பவரைச் சொல்கிறது. வன்னியைப் பற்றிப் பேச இரண்டுமே வேண்டும்.

அரசியற் பொருள் இதற்கு இன்று நேற்று வந்ததல்ல. கௌடில்யரின் அரசியல் நூலான அர்த்தசாஸ்திரத்தின் ஏழாம் அதிகரணத்தில் ஒரு சுலோகம் உண்டு. வறுமைப்பட்ட குடிகள் பேராசை கொள்கிறார்கள், பேராசை கொண்டவர்கள் அரசனிடம் பற்று விடுகிறார்கள், பற்று விட்டவர்கள் பகைவனிடம் போகிறார்கள் அல்லது தாங்களே அரசனை ஒழிக்கிறார்கள் என்பது அதன் கருத்து. பற்று விட்டவர்களுக்கு அங்கே உள்ள சொல் 'விரக்தர்'. அவர்கள் மூலையில் குந்தியிருப்பவர்கள் அல்லர். அணி மாறுகிறவர்கள், ஆட்சியை அசைக்கிறவர்கள். அரசன் அஞ்ச வேண்டியவர்களாகத்தான் அந்த நூல் அவர்களைக் காட்டுகிறது.

'அக்கறையின்மை' வந்த வழி வேறு. ஆங்கிலத்தில் 'அபதி' என்று ஒலிக்கும் சொல்லுக்கு நேராகத்தான் அது எழுதப்படுகிறது. அதன் மூலம் கிரேக்கத்தின் 'அபாதெயா', உணர்ச்சிகளின் பிடியில் இல்லாத நிலை. ஏதென்ஸில் தோன்றிய ஸ்தோயிக் மெய்யியலார் அதை அடைய வேண்டிய பண்பாகவே போற்றினார்கள். நம் விரத்தியைப் போல அதுவும் ஞானியின் குணமாகத் தொடங்கியது. பிறகு எதிலும் நாட்டமில்லாத மந்தநிலை என்று ஆனது. பொதுக் காரியத்தில் சேராமல் தன்பாட்டில் இருப்பவனுக்குக் கிரேக்கர் வைத்திருந்த 'இடியோத்தேஸ்' என்ற சொல்தான் பின்னாளில் ஆங்கிலத்தில் முட்டாளைக் குறிக்கும் வசைச்சொல்லாக மாறியது. ஒதுங்கி நிற்பவனைப் பற்றி ஐரோப்பிய மொழிகள் எவ்வளவு கடுமையாக இருந்திருக்கின்றன என்பதற்கு இது சான்று. ஒதுங்கியவன் ஏன் ஒதுங்கினான் என்று அந்தச் சொல் கேட்பதில்லை.

மூன்றாவதாக, இலங்கைத் தமிழில் ஊறிப்போன 'பகிஷ்கரிப்பு'. 'பஹிஸ்' என்றால் வெளியே, பகிஷ்கரித்தல் வெளியே தள்ளுதல். புறக்கணிப்பு அதற்கு அழகான தமிழ், அதற்குள்ளும் 'புறம்' இருக்கிறது. இது முடிவெடுத்துச் செய்யும் அரசியற் செயல். 1931 இல் சர்வசன வாக்குரிமையோடு நடந்த முதல் தேர்தலில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் யாரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. பிரித்தானிய ஆட்சியிடமிருந்து முழு விடுதலை வேண்டும் என்று யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் நடத்திய பகிஷ்கரிப்பு அது. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வாக்களிப்பு 1.21 வீதம். கிளிநொச்சியும் அந்த மாவட்டத்துக்குள்தான் வரும். (வன்னி என்று நாம் சொல்லும் நிலமும் வன்னித் தேர்தல் மாவட்டமும் ஒன்றல்ல. தேர்தல் கணக்கில் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டுமே வன்னி.) விடுதலைப் புலிகள் அந்தத் தேர்தலை ஒதுக்கச் சொன்னார்கள். விரும்பி ஒதுக்கியவரும் இருந்தார்கள், வேறு வழியின்றி வீட்டில் நின்றவரும் இருந்தார்கள். அந்த 1.21 ஐ அக்கறையின்மை என்று எழுத யாருக்காவது மனம் வருமா?

2010 ஜனாதிபதித் தேர்தலில் வன்னி மாவட்டத்தில் பாதிப்பேர்கூட வாக்களிக்கவில்லை. போர் முடிந்து எட்டு மாதம். செட்டிகுளத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்தவர்களும், அடையாள அட்டை தொலைத்தவர்களும், எந்த ஊரில் பதிவு இருக்கிறது என்றே தெரியாதவர்களும் அந்த எண்ணுக்குள் இருந்தார்கள். அங்கே பொருந்தும் சொல் விரக்தியும் அல்ல, இயலாமை. 2015 இல் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாக்களித்தார்கள்.

இனி, சனத்தின் வாயில் இருக்கும் சொற்களுக்கு வருவோம். வன்னியில் யாரும் 'எனக்கு அரசியலில் அக்கறையில்லை' என்று சொல்வதில்லை. 'வெறுத்துப் போச்சு' என்பார்கள். 'ஆர் வந்தாலும் எங்கட பாடு இதுதானே', 'வோட்டுக் கேக்க மட்டும் வருவினம்' என்பார்கள். இவை எல்லாம் கணக்குப் பார்த்தவர்களின் பேச்சு. கொடுத்ததையும் கிடைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் இப்படிப் பேச முடியும்.

பேச்சைவிடச் செயல் தெளிவாகச் சொல்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கேப்பாப்புலவு பிலக்குடியிருப்புச் சனம் தங்கள் காணியை விடச் சொல்லி விமானப்படை முகாம் வாசலில் வந்து இருந்தது. மார்ச் முதலாம் திகதி காணி விடுபட்டது. அதே பெப்ரவரி 20 இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடங்கியது பல ஆண்டுகளாக நீண்ட போராட்டம். 1992 இல் விட்டுப்போன இரணைதீவுக்கு 2018 ஏப்ரலில் சனம் படகுகளில் தானாகத் திரும்பியது. கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது கிளிநொச்சிக் கமக்காரர்கள் கட்சிகளைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, தாங்களே எதிர்த்து நின்றார்கள். சிறுபோகத்துக்கான (ஆண்டின் இரண்டாம் நெற்போகம்) கூட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது, யாருக்கு எவ்வளவு பங்கு என்று நடக்கும் வாதத்தை ஒருமுறை கேட்டவர் இந்த மக்களுக்கு அரசியல் தெரியாது என்று சொல்லமாட்டார். கோவிலடியில் வெயிலில் இருந்த தாய்மாருக்கு வைராக்கியம் என்ற சொல்லைத் தவிர வேறெது பொருந்தும்?

வாக்குச்சீட்டுக்கு வருவோம். மலையகத்தில் இருந்து 1977, 1983 வன்செயல்களின்பின் வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் இங்கே ஏராளம். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களின் முன்னோரை நாடற்றவர்களாக்கியது, அதன்வழியே வாக்கும் போனது. அவர்களிற் சிலருக்கு 2003 சட்டத்தோடுதான் குடியுரிமை கைக்கு வந்தது. இந்த வீடுகளில் வாக்காளர் இடாப்பில் பெயர் இருப்பது சின்ன விசயம் அல்ல.

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் வன்னி மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 2 ஐப் பெற்றுத் தேசிய மக்கள் சக்தி முதலிடத்துக்கு வந்தது. அதுவரை இங்கே வேரில்லாத கட்சி. ஆறு மாதம்கூட ஆகவில்லை, 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் வடக்கின் பெரும்பாலான சபைகளில் தமிழரசுக் கட்சி முன்னுக்கு வந்தது. அக்கறையற்ற சனம் இப்படிப் போய்த் திரும்பாது. கௌடில்யர் சொன்ன விரக்தர்கள் இவர்கள்தான், ஆளாளுக்கு நிறுத்துப் பார்க்கிறவர்கள். அக்கறை குறைந்த இடம் எது என்று தேடுவதானால் வேறு பக்கம் பார்க்க வேண்டும்: 2013 செப்டெம்பரில் தேர்ந்தெடுத்த வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, பிறகு மாகாண சபைத் தேர்தல் வைக்கப்படவே இல்லை. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போய் 2025 இல்தான் நடந்தது.

அப்படியானால் விரக்திக்கு நல்ல தமிழ் எது? அகராதி தரும் பற்றின்மை சமயப் பொருளுக்குச் சரி, இங்கே உதவாது. சலிப்பு, அலுப்பு இரண்டும் களைப்பைத்தான் காட்டும். வெறுப்பு கிட்ட வருகிறது, ஆனால் அதில் பகை ஏறியிருக்கிறது. நான் 'மனமுறிவு' என்றே எழுதுவேன். முறிய வேண்டுமானால் முன்னே ஒன்று முழுதாக இருந்திருக்க வேண்டும், அந்த முன்கதையை இந்தச் சொல் விட்டுவிடவில்லை. மணமுறிவோடு குழம்பும் என்று சிலர் தடை சொல்லக்கூடும். எழுத்தில் குழப்பமில்லை, பேச்சில் 'அரசியல் மனமுறிவு' என்று அடையோடு சொன்னால் போதும். அபதிக்கு நேராக நாட்டமின்மை இருக்கட்டும், முன்பும் இப்போதும் ஈடுபடாதவரைப் பற்றிப் பேசும்போது மட்டும்.

காரணம் தெரியாத இடத்தில் இவை எதுவும் வேண்டாம். வாக்களிப்பு வீதம் குறைந்திருந்தால் 'வாக்களிப்பு வீதம் குறைந்தது' என்று மட்டும் எழுதி நிறுத்தலாம். காரணம் வேண்டுமென்றால் முத்தையன்கட்டிலோ மடுவிலோ பூநகரியிலோ வாக்களிக்காமல் நின்றவரிடம் போய்க் கேட்டு, அவர் சொன்ன சொல்லையே போடலாம்.