கதையே இல்லாத இடத்தில் கதைசொல்லி எதற்கு?

ஆங்கிலத்தில் ‘நரேட்டர்’ என்று எங்கே கண்டாலும் ‘கதைசொல்லி’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். சிங்கத்தைப் பற்றிய ஆவணப்படத்துக்கு உரை வாசித்தவர் கதைசொல்லி. சமையல் போட்டியில் இடையிடையே பேசும் குரல் கதைசொல்லி. கரோலைன் அஹெர்ன் பற்றி நாலு வரி எழுதினால் அவரும் ‘ஆங்கிலத் தொலைக்காட்சி நடிகை மற்றும் கதைசொல்லி’. அவர் சொன்ன கதை எது என்று திருப்பிக் கேட்டால் எழுதியவருக்கே தெரியாது.

வேரை முதலில் முடித்துவிடலாம். லத்தீனில் ‘நாராரே’ என்றால் சொல்லுதல், தெரிவித்தல். அதற்கு அடியில் இருப்பது ‘க்னாருஸ்’, அதாவது அறிந்தவர். நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட ‘ஞானம்’ இதே வேரின் இன்னொரு கிளை. சாமுவேல் ஜான்சன் தம் 1755 அகராதியில் ‘நரேட்’ என்ற வினையை ஸ்காட்லாந்தில் மட்டும் வழங்குவது என்று குறித்து ஓரங்கட்டினார். அது ஓரத்தில் நிற்கவில்லை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: அறிந்ததைப் பிறருக்குச் சொல்பவர் நரேட்டர். சொல்வது கதையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

அஹெர்ன் 1963 டிசம்பர் 24 அன்று லண்டனின் ஈலிங்கில் பிறந்து, மான்செஸ்டரின் விதன்ஷா பகுதியில் வளர்ந்தவர். முப்பது வயதை ஒட்டி நரைமுடி விக்கும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு ‘மிஸஸ் மெர்ட்டன்’ என்ற பாட்டியாக அமர்ந்து, நிஜப் பிரபலங்களைப் பேட்டி கண்டார். மந்திரவாதி பால் டேனியல்ஸின் மனைவி டெபி மெக்கீயிடம், கோடீசுவரரான பால் டேனியல்ஸிடம் முதலில் உங்களைக் கவர்ந்தது எது என்று அப்பாவியாகக் கேட்டது இன்றும் பிரிட்டனில் அடிபடும் கேள்வி. 1998-இல் ‘த ராய்ல் ஃபேமிலி’. எழுதியவர்களில் ஒருவர் அவர். மகள் டெனிஸாக நடித்தவரும் அவரே. ஒரு குடும்பம் கூடத்தில் சோஃபாவில் உட்கார்ந்து டிவி பார்க்கிறது, அவ்வளவுதான் தொடர். சிரிப்பொலி சேர்க்கவில்லை.

2013-இல் சேனல் 4 ‘காகிள்பாக்ஸ்’ தொடங்கியது. ஊர் ஊராக நிஜக் குடும்பங்கள் தம் வீட்டு சோஃபாவில் அந்த வார நிகழ்ச்சிகளைப் பார்த்துப் பேசுவதைப் படமெடுத்துக் காட்டுவார்கள். சோஃபாவை வைத்தே பேர் வாங்கியவரிடம் இந்தச் சோஃபாக்களுக்கு உரை வாசிக்கும் வேலை போனது பொருத்தம்தான். 2016-இல் உடல்நலம் குன்றும்வரை செய்தார். அந்த ஆண்டு ஜூலை 2 அன்று 52 வயதில் இறந்தார். அவருக்குப் பின் வந்த குரல் கிரெய்க் கேஷுடையது. ‘ராய்ல் ஃபேமிலி’யில் டெனிஸின் கணவனாக நடித்து, கூடவே எழுதியவர்.

சரி, ‘காகிள்பாக்ஸி’ல் அஹெர்ன் வாசித்தது என்ன? என்ன கிழமை, எந்த அலைவரிசை, என்ன நிகழ்ச்சி, இப்போது எந்த ஊர், யார் வீடு. ஒரு துண்டுக்கும் அடுத்த துண்டுக்கும் நடுவில் சில விநாடிகள். நடப்பதை முகங்கள் சொல்லிவிடும். குரல் செய்வது முடிச்சுப் போடுகிற வேலை. இதில் கதை இல்லை. இருந்தாலும் அதைச் சொல்வது அவர் இல்லை.

‘கதைசொல்லி’ கெட்ட சொல் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். குறிசொல்லி, கோள்சொல்லி வரிசையில் இயல்பாக அமைந்த சொல். ஆண்பால் பெண்பால் தொல்லையும் கிடையாது. கி. ராஜநாராயணன் தம் இதழுக்கே அந்தப் பெயர் வைத்தார். அவ்வளவு உடம்புள்ள சொல்லை எல்லாக் குரலுக்கும் சட்டையாக மாட்டுவதுதான் குற்றம். கதைக்குள் நின்று, ‘நான் கண்டேன்’ என்றோ ‘நான் அறிவேன்’ என்றோ கதையைத் தன் வாயால் நடத்துகிறவருக்கு உரியது அது. ‘பிரிட்ஜர்ட்டன்’ தொடரைப் பாருங்கள். லேடி விசில்டவுன் என்ற புனைபெயரில் ஊர் வம்பை எழுதுபவள் பெனலொப்பி (முதல் பருவம் பார்க்காதவர்கள் மன்னிக்க). அவள்தான் கதைசொல்லி. காதில் விழும் குரலோ ஜூலி ஆண்ட்ரூஸுடையது. ஆண்ட்ரூஸையும் கதைசொல்லி என்று எழுதினால், பாத்திரத்தையும் தொழிலையும் ஒரே பெயரால் அழைத்தாயிற்று. இனி இவர்களைப் பிரித்துப் பேச வாய் ஏது? ‘கால் த மிட்வைஃப்’ தொடரில் வெனெசா ரெட்கிரேவ் வாசிப்பது, மருத்துவச்சி ஜெனி முதுமையில் சொல்லும் தன்கூற்று. இளம் ஜெனியாக நடித்த ஜெசிகா ரெய்ன் 2014-இல் விலகிய பிறகும் அந்தக் குரல் நிற்கவில்லை. அங்கே கதைசொல்லி என்பது ஓரளவு பொருந்தும், ஆனால் ஜெனிக்கு. தலைவி கூற்று, தோழி கூற்று, கண்டோர் கூற்று என்று யார் வாய்ச்சொல் என்பதைப் பிரித்துத் துறை வகுத்த மொழிக்கு இந்தக் குழப்பம் அழகில்லை.

மற்ற போட்டியாளர்களும் தேறவில்லை. ‘வர்ணனையாளர்’ என்றால் கிரிக்கெட் மைதானம்தான் நினைவுக்கு வரும். நடப்பதைக் கண்ணால் கண்டு அப்போதே சொல்பவர். வர்ணம் பூசுவது அச்சொல்லின் வேரிலேயே இருக்கிறது; அஹெர்னின் தட்டையான மான்செஸ்டர்க் குரலில் பூச்சே இல்லை, அதுதான் சிரிப்பு. ‘பின்னணிக் குரல்’ என்றால் நம் ஊரில் டப்பிங். இன்னொரு நடிகைக்கு வாயசைப்புக் குரல் கொடுத்தவர் ஆகிவிடுவார். ‘விவரிப்பாளர்’ தப்பில்லை, உயிரும் இல்லை.

நம்மிடம் ‘உரை’ இருக்கிறது. சிலப்பதிகாரப் பதிகம் தன் நூலை ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்கிறது. பாட்டுக்கு நடுவே வந்து பொருளைத் தொடுப்பது உரை. காட்சிக்கு நடுவே வந்து தொடுப்பதற்கு வேறெந்தச் சொல்லைத் தேடப் போகிறோம்? செயலுக்கு ‘எடுத்துரைத்தல்’, படத்தில் வருவதற்குப் ‘பின்னணி உரை’. ஆளுக்குப் பெயர் வேண்டியே தீரும் என்றால் ‘எடுத்துரைப்பாளர்’. ஆனால் வேண்டுமா என்பதே கேள்வி. நம் படங்களின் டைட்டிலில் இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, வசனம் என்று தொழிலைப் போட்டுத்தான் பெயர் போடுகிறோம். அந்த வரிசையில் ‘பின்னணி உரை: கரோலைன் அஹெர்ன்’ என்பது தானாக உட்காரும். ஆள்பெயர் தேடி அலைவதற்குக் காரணம் ஆங்கில வரியின் முன்னால் மொழிபெயர்ப்பாளர் கைகட்டி நிற்பதுதான்.

அதே பணிவு உரையை மொழிபெயர்க்கும்போதும் கெடுக்கிறது. ஒலிநூல் வாசிப்பில் ஆங்கிலம் நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் போகும். அந்த வேகத்தில் பத்து விநாடி இடைவெளிக்கு 25 சொல். தமிழில் சொல் எண்ணிக்கை குறையும், அசை குறையாது. அதைவிடப் பெரிய சிக்கல் வாக்கியத்தின் முடிவில். ஆங்கில உரை ஆளின் பெயரில் போய் நிற்க, அந்த நொடியில் காட்சி அவர் முகத்துக்கு வெட்டும். தமிழில் பெயரை முன்னால் சொல்லி, ‘பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்’ என்று இழுத்தால் அந்த வினைமுற்று அவர் பேசத் தொடங்கியதன்மேல் விழுந்து இரண்டும் கேட்காமல் போகும். வினையை வெட்டிவிட்டு ‘வெள்ளி இரவு, ஹல் நகரம்’ என்று நிறுத்தி, பெயரைக் கடைசியில் வையுங்கள். எழுத்துத்துணையில் (சப்டைட்டிலில்) ‘கதைசொல்லி:’ என்று அடையாளம் போடுவதும் வீண், ‘குரல்:’ போதும்.

ஒலிநூலுக்கு இந்த ‘உரை’ என்ற சொல்லும் வேண்டாம். ஜூலியட் ஸ்டீவன்சன் ஜேன் ஆஸ்டின் நாவல்களை ஒலிநூலாகப் படித்திருக்கிறார். ‘எம்மா’வின் கதைசொல்லி ஆஸ்டின் 1815-இலேயே படைத்துவைத்த குரல். அட்டையில் ‘வாசிப்பு: ஜூலியட் ஸ்டீவன்சன்’ என்று போட்டால் வேலை முடிந்தது.