அந்த மீனை எடுத்துவிடலாமா?

ஒரு பெண்மணி தன் அம்மா தைத்த குயில்ட்டை, அதாவது உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த படத்துணியை, பழுதுபார்க்க என்னிடம் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறதாம். மேசைமேல் விரித்தோம். ஒன்பது கட்டங்கள். ஒன்றில் ஒரு பெண் தண்ணீர் சுமக்கிறாள், ஒன்றில் ஒருத்தி இடுப்பில் கைவைத்து அதட்டுகிறாள், ஒன்றில் ஒற்றைச் செருப்பு, கடைசியில் ஒரு ராஜா. நடுக்கட்டத்தில் ஒரு மீன். வால் பக்கம் தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

“சிண்ட்ரெல்லா கதைதான் இது. ஆனா இந்த மீன் மட்டும் சம்பந்தமே இல்லாம இருக்கு. எப்படியும் பிஞ்சுதான் போச்சு, எடுத்துடலாமா?” என்று கேட்டார்.

லென்ஸை வைத்துப் பார்த்தேன். மீனுக்குத் துடுப்பு மட்டும் சிவப்பு. கண்ணுக்குப் பொன்னிற ஜரிகை நூல். பிரிந்திருந்த வாலை மெல்லத் தூக்கினால், அதற்கடியில் வெள்ளை நூலில் தைத்த மீன்முள், ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாக. வேண்டுமென்றே மறைத்துத் தைத்திருக்கிறார். பக்கத்துக் கட்டத்தில் இருந்த பெண்ணின் மேலாடை, நகம் அளவுள்ள நீலப்பச்சைப் பட்டுத் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி அடுக்கியது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அப்படியே சிறகு.

அப்போதுதான் பிடிபட்டது. இது யே ஷியென் கதை. சீனாவில் 9-ஆம் நூற்றாண்டில் துவான் செங்ஷி என்பவர் எழுதிவைத்தது. தாயில்லாப் பெண் ஒருத்தி, சிவப்புத் துடுப்பும் பொன்னிறக் கண்ணும் உள்ள ஒரு மீனை வளர்க்கிறாள். சிற்றன்னை அதைக் கொன்று தின்றுவிடுகிறாள். அந்த மீனின் முள்ளை எடுத்துப் பத்திரமாக வைத்து வேண்டிக்கொண்டால் கேட்டதெல்லாம் கிடைக்கிறது. மீன்கொத்திச் சிறகாலான மேலாடையும் தங்கச் செருப்பும் அப்படிக் கிடைத்தவைதான். நமக்குப் பழகிய கண்ணாடிச் செருப்பும் பூசணிக்காய் வண்டியும் பிரான்சில் பெரோ என்ற எழுத்தாளர் 1697-இல் வெளியிட்ட கதையில் வருபவை. யே ஷியென் அதற்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் மூத்தவள்.

ஒட்டாத மீன் என்று நினைத்தோமே, அதுதான் அந்தக் குயில்ட்டுக்கே உயிர். அதை வெட்டி எடுத்திருந்தால் மிச்சமிருக்கும் எட்டுக் கட்டங்களும் வேறு ஏதோ ஒரு கதையாகிப்போயிருக்கும். குயில்ட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஓர் எழுத்துகூட இல்லை. அம்மா இந்தக் கதையை எங்கே, யாரிடம் கேட்டார் என்று மகளுக்கும் தெரியவில்லை.

பழைய துணிகளைப் பழுதுபார்த்துப் பாதுகாப்பது என் தொழில். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து நூலோட்டினால் அது குயில்ட். போர்த்திக்கொள்ள அல்லாமல், சுவரில் மாட்டிப் பார்க்கவென்றே ஓவியம்போலத் தைப்பதைக் கலைக் குயில்ட் என்கிறோம். தேவதைக் கதைகளும் நாட்டுப்புறக் கதைகளும் இந்தக் கலைக்குத் தீராத சுரங்கம். என் மேசைக்கு வந்தவற்றில் கோழிக்கால் குடிசையில் வாழும் ரஷ்யச் சூனியக்காரி உண்டு, தன் இறகைப் பிடுங்கித் தானே துணி நெய்யும் ஜப்பானியக் கொக்கு மனைவி உண்டு, மேற்கு ஆப்பிரிக்காவின் தந்திரச் சிலந்தி அனான்சி உண்டு. அவற்றில் பாதிக்கு மேல், பின்பக்கம் எதுவும் எழுதாமல் வெறும் முதுகோடுதான் வந்தன. நைந்த துணியை என்னால் தாங்கித் தைக்க முடியும், விட்ட தையலைப் போட முடியும். தைத்தவர் மனதில் இருந்த கதையை எங்கே போய்த் தேடுவேன்?

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹேரியட் பவர்ஸ் ஒருவரே போதும். 1837-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்தவர். அவர் தைத்த பைபிள் குயில்ட் 1886-இல் அதே ஜார்ஜியாவில் ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் இருந்தது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் தர மறுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்துப் பணமுடை வந்தபோது வேறு வழியில்லாமல் ஐந்து டாலருக்குக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்று விளக்கிச் சொன்னார், ஸ்மித் அதை எழுதிக்கொண்டார். பிறகு தன் குயில்ட்டைப் பார்க்கவென்றே பவர்ஸ் பல தடவை வந்து போனாராம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கும். அந்தக் குயில்ட் இப்போது ஸ்மித்சோனியன் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவருடைய இன்னொரு குயில்ட் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. 1895-க்கும் 1898-க்கும் இடையில் தைத்தது, பதினைந்து கட்டங்கள். பைபிள் காட்சிகளுக்கு நடுவே, ஊர்வாயில் உலவிய கதைகளும் வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரு கட்டத்தில் வானத்திலிருந்து நட்சத்திரங்கள் கொட்டுகின்றன. 1833 நவம்பரில் நிஜமாகவே நடந்த விண்கல் மழை அது. பவர்ஸ் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது, ஆகவே அடுத்தவர் சொல்லக் கேட்டுத்தான் தைத்திருக்க வேண்டும். மற்றொரு கட்டத்தில் ஒரு பன்றி. ஜார்ஜியாவிலிருந்து வர்ஜீனியாவுக்கு 500 மைல் ஓடிப்போன பன்றி அது, பெயர் பெட்ஸ் என்று விளக்கக் குறிப்பு சொல்கிறது. குறிப்பு இல்லையென்றால் பெட்ஸ் நமக்கு வெறும் பன்றிதான்.

இதைவிடப் பழையது, டிரிஸ்டன் என்ற ஐரோப்பியக் கதைவீரனின் கதையைச் சொல்லும் டிரிஸ்டன் குயில்ட். 14-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிசிலியில் செய்தது. ஒரு பகுதி லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் இன்னொரு பகுதி ஃபுளோரன்ஸிலும் இருக்கின்றன. இரண்டு லினன் துணிகளைச் சேர்த்துத் தைத்து, உருவங்கள் மட்டும் புடைத்து நிற்கும்படி உள்ளே பஞ்சடைத்திருக்கிறார்கள். காட்சிக்குக் காட்சி, என்ன நடக்கிறது என்பதைச் சிசிலி வட்டார மொழியில் அந்தத் துணியிலேயே தைத்தும் வைத்திருக்கிறார்கள். அறுநூறு வருடம் கழித்தும் யாருடைய துணையும் இல்லாமல் அந்தக் கதையைப் படிக்க முடிகிறது. நம் காலத்தில் அமெரிக்க ஓவியர் ஃபெயித் ரிங்கோல்ட் அதே வழியில்தான் போனார். 1983 முதல் அவர் செய்த கதைக் குயில்ட்டுகளில் கதை வாசகமாகவே படத்தோடு சேர்ந்து வரும்.

எல்லோரும் முன்பக்கத்தில் எழுத வேண்டும் என்று சொல்ல மாட்டேன், பலருக்கு அது படத்தைக் கெடுத்துவிடும். முதுகில் ஒரு துணி லேபிளைத் தைத்து அதில் எழுதலாம், யாருக்கும் தொந்தரவில்லை.

என்ன எழுதுவது? கதையின் பெயர், எந்த மக்கள் சொல்வது, நீங்கள் யாரிடம் கேட்டீர்கள் அல்லது எதில் படித்தீர்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வரி. நீங்களாக மாற்றியது ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள். ஓநாயை அழ வைத்திருக்கிறீர்கள் என்றால், ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவர் அந்தக் கண்ணீர் மணியைக் கறையென்று நினைத்துப் பிரித்துவிடக் கூடாது. உங்கள் பெயர், தைத்து முடித்த ஆண்டு. அப்புறம், என்னென்ன துணி, என்ன பஞ்சு, துவைத்துவிட்டுத் தைத்ததா, ஒட்டு பசை போட்டதா என்பது.

இந்தக் கடைசி விஷயத்தைப் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். தேவதைக் கதைக் குயில்ட்டுகளுக்கு இது ரொம்பவே முக்கியம். ஸ்னோ ஒயிட் கதை எப்படித் தொடங்குகிறது? பனி பெய்யும் நாளில் ஒரு ராணி ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருக்கிறாள், ஊசி விரலில் குத்தி மூன்று சொட்டு ரத்தம் பனியில் விழுகிறது, ஜன்னல் சட்டம் கருங்காலி மரம். சிவப்பு, வெள்ளை, கறுப்பு. இந்த மூன்று நிறமும்தான் எனக்கு அதிக வேலை வைப்பவை.

சிவப்புக்குச் சாயம் இறங்கும் குணம் உண்டு. சிவப்புத் தொப்பிச் சிறுமி பனிக்காட்டில் போகும் குயில்ட் ஒன்றை, ஏதோ சிந்திவிட்டது என்று அவசரத்தில் நனைத்து, அப்படியே காயப்போட்டிருந்தார்கள். என்னிடம் வரும்போது தொப்பியைச் சுற்றிக் காடே இளஞ்சிவப்பாகக் கிடந்தது. காய்ந்து இஸ்திரியும் போட்டாகிவிட்டதால் என்னால் பாதிகூட மீட்க முடியவில்லை. தைப்பதற்கு முன்பே ஈரமான வெள்ளைப் பஞ்சை ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். பஞ்சில் துளி நிறம் ஏறினாலும் அந்தத் துணியை இன்னும் அலச வேண்டும். இறங்கிவிட்ட சாயத்தைக் காய மட்டும் விடாதீர்கள்.

கறுப்பின் கதை வேறு. 19-ஆம் நூற்றாண்டுக் குயில்ட்டுகளில், சுற்றியுள்ள துணியெல்லாம் நன்றாக இருக்க, கறுப்பும் கரும்பழுப்பும் மட்டும் இற்றுப் பொடியாகி நிற்பதைப் பார்க்கலாம். இரும்புச் சத்தையும் துவர்ப்புச் சாற்றையும் சேர்த்து அந்தச் சாயத்தை ஏற்றினார்கள், அந்த இரும்பு காலப்போக்கில் இழையையே தின்றுவிடும். இன்றைய சாயத்தில் இந்தக் கவலை இல்லை. ஆனால் சூனியக்காரியின் குடிசைக்கும் இருட்டுக் காட்டுக்கும் அழகாக இருக்கிறதென்று, துருப்பிடித்த ஆணிகளைச் சுற்றி ஊறவைத்துத் துணிக்கு நிறமேற்றுகிறவர்கள் நிறையப் பேர். அதுவும் அதே இரும்புதான். செய்யாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை, பார்க்க அவ்வளவு அழகு. செய்தால் லேபிளில் எழுதிவிடுங்கள், எங்கே கவனிக்க வேண்டும் என்று பின்னால் வருபவருக்குத் தெரியும்.

வெள்ளை பழுப்பேறும். ஒட்டு பசை, மரப்பெட்டி, அட்டைப்பெட்டி மூன்றுமே அதற்குக் காரணம்.

லேபிளைச் செய்வதில் கஷ்டம் ஒன்றுமில்லை. துவைத்துக் கஞ்சி போக்கிய வெள்ளைப் பருத்தித் துணியில், அழியாத நிறமி மை உள்ள பேனாவால் எழுதுங்கள். ஓரத்தை மடித்து, அடித்துணியை மட்டும் பிடிக்கும்படி கையால் தைத்துவிடுங்கள். பால்பாயின்ட் பேனாவால் நேராகக் குயில்ட்டிலேயே எழுதினால், மை ஊறி முன்பக்கத்துக்கு வந்துவிடும். ஒட்டும் ஸ்டிக்கரின் பசை சில வருடத்தில் மஞ்சளாகிக் கெட்டிப்படும். எழுதியதை ஒரு புகைப்படத்தோடு தனியாகவும் வைத்திருங்கள்.

கதை யாருடையது என்பதை எழுதச் சொன்னேன் அல்லவா, அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாட்டுப்புறக் கதை என்றால் சொந்தக்காரர் கிடையாது என்று நினைக்கிறோம். அமெரிக்கப் பழங்குடியினரான நவாஹோ மக்களிடம் நரியினத்தைச் சேர்ந்த கயோட்டியின் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்வார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் ஒரு கதையை வரையும் உரிமை குறிப்பிட்ட குலத்துக்கே உண்டு. அவர்களுடைய ஓவியங்களை அனுமதி கேட்காமல் கார்பெட்டில் நெய்து விற்ற ஒரு நிறுவனத்தின் மீது ஓவியர்கள் வழக்குப் போட்டு, 1994-இல் ஆஸ்திரேலியக் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றார்கள். புனிதமான படத்தை மற்றவர்கள் காலால் மிதிப்பார்களே என்பதுதான் அவர்களுடைய பெரிய வேதனை. தைக்கத் தொடங்கும் முன் யாருடைய கதை என்று விசாரித்துக்கொள்வது நம் கடமை. விசாரிக்க முடியாவிட்டால் வேறு கதையை எடுங்கள்.

மற்றதெல்லாம் வழக்கமான பராமரிப்புதான். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ், அதாவது மங்கலான வெளிச்சம்தான் வைப்பார்கள், ஏனென்றால் வெளுத்த நிறம் திரும்பாது. மூன்று நான்கு மாதம் மாட்டினால் அப்புறம் கழற்றி ஓய்வு கொடுங்கள். மேல் ஓரம் முழுக்க உறைபோலத் தைத்து அதற்குள் கம்பைச் செருகி மாட்டினால் எடை ஒரே இடத்தில் இழுக்காது. மடிப்பதைவிடச் சுருட்டுவது நல்லது, படம் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம், துவைத்த காடாத் துணியில் சுற்றுங்கள்.

அந்த மீனுக்கு வருகிறேன். வாலைப் பழைய தையல் ஓட்டைகளிலேயே நூல்விட்டுப் பிடித்தேன், முள்ளைப் பார்க்க விரும்பினால் தூக்கிப் பார்க்கும்படி ஒரு விரல் அகலம் மட்டும் விட்டுவைத்தேன். லேபிளை மகளே தன் கைப்பட எழுதினார். எட்டுக் கட்டங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரிந்தது. ஆறாவது கட்டத்தில், ஒரு ஜன்னல் ஓரத்தில், ஒரு சிறிய மஞ்சள் குடை இருக்கிறது. யே ஷியென் கதையில் அப்படி ஒன்று வருவதில்லை. அம்மாவின் தோழிகள் இரண்டு பேரைக் கேட்டுப் பார்க்கப்போவதாகச் சொன்னார். ஆறு என்று எண் போட்டு, எதிரே ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறோம்.