செயற்கைக்கோளுக்கு 'உயரம்' அல்ல, ஏற்றக் கோணம்

ஆங்கிலத்தில் 'எலிவேஷன்' என்பதை மொழிபெயர்த்து, 'செயற்கைக்கோளின் உயரம் 74 டிகிரி' என்று டிஷ் பொருத்தும் குறிப்புகளில் எழுதுகிறார்கள். உயரத்தைக் கிலோமீட்டரில் சொல்லலாம், அடியில் சொல்லலாம். டிகிரியில் சொன்னால் அது கோணம். அதற்கு ஏற்றக் கோணம் என்று நல்ல சொல் இருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் இறக்கக் கோணத்தோடு சேர்த்துப் படித்ததுதான்.

எலிவேஷன், 'தூக்கு' என்னும் பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. அடிவானத்திலிருந்து பார்வையை எவ்வளவு தூக்கினால் செயற்கைக்கோள் தெரியும் என்பதுதான் அளவு. அடிவானம் 0, உச்சி 90. 'ஏறு' என்பதில் பிறந்த ஏற்றம் இதை அப்படியே சொல்கிறது.

83 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் இந்தியச் செயற்கைக்கோளைப் பாருங்கள். நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர், அது மாறாது. ஏற்றக் கோணமோ சென்னையில் சுமார் 74 டிகிரி, டெல்லியில் சுமார் 56. 'டெல்லியில் உயரம் குறைவு' என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்?

ஜிபிஎஸ் விஷயத்தில் இது இன்னும் மோசம். அடிவானத்தை ஒட்டியிருக்கும் கோள்களின் சிக்னல் காற்றுமண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருவதால் பிழை கூடும். அதனால் 10 அல்லது 15 டிகிரிக்குக் கீழே உள்ளவற்றைக் கருவிகள் ஒதுக்குவதுண்டு. இதை 'குறைந்த உயரத்தில் உள்ள செயற்கைக்கோள்களை ஒதுக்கும்' என்று மொழிபெயர்த்தால் தாழ்ந்த சுற்றுப்பாதையில் பறப்பவை என்றுதான் பொருள்படும். ஜிபிஎஸ் கோள்கள் எல்லாமே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகின்றன!

சரி, 'உயரக் கோணம்' என்று சொல்லலாமே என்பார்கள். முதல் வரியில் அப்படி எழுதுவார்கள். அடுத்த வரியில் கோணம் உதிர்ந்து வெறும் உயரம் நிற்கும். இறக்கக் கோணத்துக்கு எதிர்ச்சொல்லாகவும் அது பொருந்தாது. கோள் மறையும்போது 'ஏற்றம்' எப்படிச் சரியாகும் என்றும் ஒரு வாதம். ஏறுவது கோள் அல்ல, பார்வை. சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையம் அடிவானத்தில் மறையும்போது நமக்கு அதன் தொலைவு 2,300 கிலோமீட்டர் அளவுக்குப் போய்விடும். உயரம் அதே 400தான். ஏற்றக் கோணம் மட்டும் 0 ஆகிறது.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். வீடு கட்டுபவருக்கு எலிவேஷன் என்றால் முகப்பு. மலை வரைபடத்தில் கடல்மட்டத்துக்கு மேலான உயரம். டிஷ் பொருத்துபவருக்கு ஏற்றக் கோணம். பக்கத்தில் டிகிரிக் குறி இருக்கிறதா என்று பார்த்தாலே போதும், இந்தத் தவறு வராது.