ஃபோமெட் அடிக்க முதல் பற்றரியைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு அன்ரி தன் கணினியின் சீபியூப் பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்தார். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போனவர், ஒரு மாதம் கழித்து வந்து சுவிட்ச்சைப் போட்டிருக்கிறார். நீலத் திரை மின்னுகிறது, அணைகிறது, மறுபடி தொடங்குகிறது. அவ்வளவுதான்.

"தம்பி, போகேக்க நல்லா ஓடினது. காட்டின கடையில விண்டோஸ் போச்சாம், எல்லாத்தையும் அழிச்சு ஃபோமெட் அடிக்கவேணுமாம். பேரப்பிள்ளையள்ட படமெல்லாம் உள்ளுக்குக் கிடக்கு."

"பிளக்கைக் கழட்டிப்போட்டோ போனீங்கள்?"

"ஓம், கழட்டாமல் போவனோ?"

பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. பயோஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முதலே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்புகளுக்குள், போய்ப் பார்த்தேன். திகதி: 2009 ஜனவரி 1.

கணினியின் பிரதான சுற்றுப் பலகையான மதர்போர்டில் சில்லறைக் காசு மாதிரி ஒரு பற்றரி இருக்கும். சிஆர் 2032, 3 வோல்ட். கணினிக்கு மணியும் திகதியும் நினைவிருப்பது அதனால்தான். பிளக் குத்தியே இருந்தால் மெயின் கரண்ட் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும், பற்றரி களைத்திருந்தாலும் வெளியில் தெரியாது. கழற்றினால் முழுச் சுமையும் அதன் தலையில். அது விழுந்ததும் பழைய போர்ட்களில் பயோஸ் அமைப்புகள் கம்பனியில் இருந்து வந்தபடி மாறிவிடும்.

அன்ரியின் மெஷின் 2010 அளவில் வாங்கிய கோர் ஐ3. அதில் விண்டோஸ் 7 போட்டவர் ஹார்ட் டிஸ்க்கை ஏஹெச்சிஐ முறையில் வைத்திருந்தார். ஹார்ட் டிஸ்க்கோடு போர்ட் பேசும் முறை அது, பயோஸில் 'சாட்டா முறை' என்று இருக்கும். பற்றரி போனதும் அது ஐடிஇ என்ற பழைய முறைக்குத் திரும்பிவிட்டது. விண்டோஸுக்குத் தன் வீட்டு வாசலே தெரியவில்லை, நீலத் திரையைக் காட்டியது. புதுப் பற்றரி போட்டு, திகதியைச் சரி செய்து, சாட்டா முறையைப் பழையபடி மாற்றினேன். எழும்பிவிட்டது. படங்கள் எல்லாம் பத்திரம். பற்றரிக்கு ஒரு கொத்துரொட்டிக் காசுகூட வராது.

இதற்காகப் பிளக்கைக் கழற்றாதீர்கள் என்று சொல்லமாட்டேன். சித்திரையிலும் ஐப்பசியிலும் கொழும்பில் விழும் இடிக்கு முழுப் போர்டும் போவதைவிட, ஒரு பற்றரி போவது எவ்வளவோ மேல்.

வீட்டில் நீங்களே மாற்றலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்துங்கள், மிச்சக் கரண்ட் இறங்கட்டும். உடம்பில் இருக்கும் நிலைமின் இறங்க, பெட்டியின் இரும்பை ஒருக்கால் தொடுங்கள். கூட்டல் குறி மேலே தெரிய பற்றரியை வையுங்கள். சாட்டா முறையை மாற்ற முதல், இருந்ததை ஃபோனில் படம் எடுத்து வைத்தால் பிழை விட்டாலும் திரும்பிப் போகலாம்.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் இல்லையா? அது வேறு கதை. ராமை, அதாவது மதர்போர்டில் குத்தியிருக்கும் நினைவகப் பட்டையை, கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பக் குத்துங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை அடிக்கடி சொல்லவேண்டியிருக்கிறது. உப்புக் காற்று உலோகத்தை விட்டுவைக்காது.

விசிறியே சுற்றவில்லை என்றால் முதலில் வயரையும் சுவர்ப் பிளக்கையும் மாற்றிப் பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் அநேகமாகப் பவர் சப்ளை. அதை மட்டும் திறக்கவேண்டாம். 230 வோல்ட் உள்ளே போய் 325 வோல்ட் அளவில் கொண்டென்சரில் தேங்கி நிற்கும், பிளக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

எந்தக் கடைக்குக் கொண்டுபோனாலும் "முதல்ல டேட்டாவை எடுத்துத் தாங்கோ" என்று கேளுங்கள். மெஷின் செத்தாலும் ஹார்ட் டிஸ்க் உயிரோடு இருந்தால் கழற்றி வேறொன்றில் கொழுவிப் படங்களை எடுக்கலாம். அன்ரியின் படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

போகும்போது பழைய பற்றரியை ஞாபகத்துக்குக் கேட்டார். கொடுக்கவில்லை. வீட்டில் இரண்டு வயதுப் பேரன். அதை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் உணவுக்குழாய் வெந்துபோகலாம்.