ஸ்கேனில் தெரிகிற கட்டி குழாய்க்கு ஏன் அகப்படுவதில்லை?

“அப்பாவின் சுவாசப்பையில் கட்டி இருப்பது ஸ்கேனில் தெளிவாகத் தெரிகிறது. வாயால் குழாய் விட்டுச் சதை எடுக்கப் பார்த்தார்கள், கிடைக்கவில்லையாம். திரும்பவும் வரச் சொல்கிறார்கள். தெரிகிற கட்டியை எப்படித் தவறவிடுவார்கள்?” கிளிநொச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

மூச்சு போகிற வாதனாளி இரண்டாகி, கிளைக்குள் கிளைவிட்டுச் சிற்றறைகளில் முடிவது ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்ததுதான். ஏறத்தாழ 23 தடவை பிரிகிறது. வலது கிளை அகலம், நிமிர்வும் கூட. பிள்ளைகளுக்குப் புரைக்கேறுகிற கச்சான் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சிக்கும். வாயால் விடுகிற, நுனியில் கமரா உள்ள வழக்கமான குழாயின் தடிப்பு 5, 6 மில்லிமீற்றர். சில பிரிவுகளுக்கு அப்பால் அது நுழையாது. அதன் நுனி மேலும் கீழும் மட்டுமே வளையும். பக்கத்துக்குத் திரும்ப மருத்துவர் குழாயையே சுழற்ற வேண்டும், அப்போது படமும் சேர்ந்து சுழலும். இடையில் சளி வேறு, இருமல் வேறு.

சரி, இதெல்லாம் பழக்கத்தால் வெல்லக்கூடியவை. பழக்கத்துக்கும் மசியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. ஸ்கேன் எடுக்கும்போது “மூச்சை நல்லா இழுத்துப் பிடியுங்கோ” என்பார்கள். சுவாசப்பை முழுதாக விரிந்திருக்கும் அந்தக் கணத்தில்தான் வரைபடம் உருவாகிறது. குழாய் விடும்போதோ, மயக்கத்தில் மூச்சு மேலோட்டமாக ஓடும். மாரியில் இரணைமடுக் குளம் நிரம்பி நிற்கையில் கரையை வரைந்து, ஆவணியில் அந்தப் படத்தோடு போய்க் கரையைத் தேடுவது போலத்தான். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற பிரிமென்தகட்டை அண்டிய கீழ்ப் பகுதியில் கட்டி 2 சென்ரிமீற்றர் நகர்ந்திருக்கலாம். கட்டியே சில வேளை அவ்வளவுதான் இருக்கும்!

கெட்டித்தனமான மாற்று, குழாய்க்குள்ளால் நுண்ணிய அல்ட்ராசவுண்ட் கம்பியை விடுவது. காற்றுள்ள இடம் வெண்புகாராகவும், கட்டி கருமையாகவும் தெரியும். ஆனால் மயக்கத்தில் காற்றிழந்து சுருங்கிய நல்ல சதையும் கருமையாகவே தெரிந்து ஏமாற்றும். அதற்காகத்தான் மயக்க மருத்துவர் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிச் சுவாசப்பையை விரித்து வைக்கிறார். கட்டி உறுதியானாலும், கம்பியை எடுத்துவிட்டு விறைப்பான ஊசியை விட்டதும் குழாயின் நுனி சற்று விலகிவிடும். ஊசி பக்கத்துச் சதையைக் குத்திக்கொண்டு வரும்.

ஆகவே முதல் முறை கிடைக்காதது கைப்பிழை என்று சொல்லிவிட முடியாது. நெஞ்சின் வெளியிலிருந்து ஊசி போடும் வழியும் உண்டு. அதில் காற்றுக் கசிந்து சுவாசப்பை சுருங்கும் ஆபத்து கூடுதல். “ஊசி பட்டால் கட்டி பரவும்” என்று வீட்டில் மறிப்பவர்கள் மீது எனக்குக் கோபமே வரும். அது மிக மிக அரிது. தாமதம் செய்கிற கேடு பெரிது. போகும்போது பழைய ஸ்கேன் சீடியையும் மறக்காமல் கொண்டுபோங்கள். கட்டியை நோக்கி எந்தக் கிளை போகிறது என்று அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.