தோணிக்கு ஏன் கோணல் மரம் வேண்டும்?

மதுரை, சிவகங்கை வட்டாரக் கண்மாய்களில் நிற்கும் நாட்டுக் கருவேலத்தில் நேராக வளர்ந்தது ஏருக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் ஆகும். கடற்கரையில் தோணி கட்டும் ஓடாவி தேடுவதோ கோணல் மரத்தை. தோணியின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராக் கட்டையின் இருபுறமும் விலா எலும்புபோல எழும்பும் வங்குகளுக்குத்தான் அது. பலகைகள் அறையப்படுவது வங்கில். சரக்கு உள்ளிருந்தும் அலை வெளியிலிருந்தும் அழுத்தும்போது தோணியின் வடிவம் குலையாமல் காப்பதும் அதுவே.

நேரான கட்டையை வளைவாக அறுத்துக்கொள்ளக் கூடாதா? மரத்தின் வலு நார் ஓடும் திசையில்தான் இருக்கிறது. நாரோடு நாரைப் பிரிக்கச் சிறு விசையே போதும். விறகு பிளப்பவர்களுக்கு இது தெரியும். வளைவாக அறுக்கும் ரம்பம் நார்களைச் சாய்வாக வெட்டிக்கொண்டே போகும். 10 அங்குல நீளத்தில் நார் 1 அங்குலம் விலகினாலே வளைவைத் தாங்கும் திறன் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறையும். 5 அங்குலத்தில் 1 அங்குலம் விலகினால் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். கிளை பிரியும் இடத்திலும் வளைந்த தூரிலும் நாரே வளைந்து ஓடுகிறது. அப்படிப்பட்ட கட்டை கரிமூட்டத்துக்குப் போவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

வங்கின் வளைவுக்கேற்ப மெல்லிய பலகையில் வெட்டிய அச்சை மரத்தில் வைத்துப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். பட்டையின் வெடிப்புகள் சுருளாக ஏறினால் உள்ளே நாரும் முறுக்கியிருக்கக்கூடும். அந்த மரம் வேண்டாம். வெட்டியதும் வெளிறிய வெளிமரத்தைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும், வண்டு முதலில் துளைப்பது அதைத்தான். வெட்டுமுனை வழியாக ஈரம் மிக வேகமாக வெளியேறுவதால் முனைகளில் சாணமோ எண்ணெயோ பூசி நிழலில் போடுவது நல்லது. மரம் காயும்போது வளர்ச்சி வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. நடுத்தண்டு உள்ள கட்டை வெடிப்பதற்குக் காரணம் இதுவே.

முழு வங்கு ஒரே கட்டையில் கிடைப்பது அரிது. துண்டுகளைப் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக நீளப் படியவைத்து போல்ட் முடுக்குவார்கள். அடுத்தடுத்த வங்குகளின் இணைப்புகள் ஒரே வரிசையில் வந்துவிடக் கூடாது. வந்தால் அந்த வரிசையில் தோணியின் உடலே மடங்கிக்கொடுக்கும்.

கருவேலத்தில் துவர்ப்புச் சத்து அதிகம். ஈரம் சேர்ந்தால் அது இரும்பை அரிக்கும், மரமும் கறுக்கும். ஆகவே துத்தநாகம் பூசிய போல்ட்டே ஏற்றது. போல்ட்டின் தலையைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் ஒன்றைக் கழற்றிப் பார்க்க வேண்டும். தலை நன்றாக இருக்க, பலகையும் வங்கும் சேரும் இடத்தில் போல்ட்டின் தண்டு பாதியாகத் தேய்ந்திருக்கலாம்.